பேனா பிடிக்கும் கை

(இயக்கத் தோழர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



மேடைக்கு வருமுன் ஒரு துண்டுச் சீட்டை என்னிடம் கொடுத்தார்கள். இளந்தோழர் ஒருவர் எழுதியது. பெயர் போடவில்லை. கேள்வி நல்ல கேள்வியாக இருக்கும்போது பெயர் எதற்கு? படிக்கிறேன், கேளுங்கள்: "குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கை எப்படி முடிவு செய்வது என்று பேசப்போகிறீர்களாம். அந்தத் தேர்தலில் எனக்கும் வாக்கில்லை, உங்களுக்கும் வாக்கில்லை. கலியாணத்துக்கு அழைப்பில்லாதவன், பந்தியிலே என்ன பரிமாறினார்கள் என்று விசாரிப்பானேன்?"

சிரிக்கிறீர்கள். படித்ததும் நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்த பிறகு சிந்திக்க வேண்டிய கேள்வி அது. அழைப்பில்லை என்பது உண்மைதான். ஆனால், தோழரே, அந்தப் பந்திக்கு அரிசி யார் வீட்டிலிருந்து போகிறது? முதலில் அதைப் பார்ப்போம்.

குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்போர் யார்? பாராளுமன்றத்தின் இரு அவைகளிலும், மாநிலச் சட்டமன்றங்களிலும், டில்லி, புதுவைச் சட்டமன்றங்களிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். நியமனம் பெற்று வந்தவருக்கு அங்கே வாக்கில்லை. மக்களிடமிருந்து நேராகவோ, மக்கள் அனுப்பியவர் வழியாகவோ வந்தவருக்கு மட்டுமே வாக்கு. அந்த வாக்கும், ஆளுக்கு ஒன்று என்று எண்ணப்படுவதில்லை. மாநிலத்தின் மக்கள்தொகையைச் சட்டமன்ற இடங்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். வருவதை மீண்டும் ஆயிரத்தால் வகுக்கிறார்கள். கிடைப்பதுதான் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு.

தமிழகத்துக்குப் போட்டுப் பாருங்கள். 1971-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் மக்கள்தொகை 4 கோடியே 12 லட்சம். சட்டமன்ற இடங்கள் 234. கணக்கு முடிந்தால் வருகிற எண் 176. உத்தரப் பிரதேசத்துக்கு 208, கேரளத்துக்கு 152, சிக்கிமுக்கு 7. நம் சட்டமன்றம் முழுவதன் மதிப்பு 41,184. 2022-ஆம் ஆண்டுத் தேர்தலில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மதிப்பு 700. தமிழகத்தின் மக்களவை இடங்கள் 39, மாநிலங்களவை இடங்கள் 18, ஆக 57 இடங்களுக்கு 39,900. இரண்டையும் கூட்டினால் 81 ஆயிரத்துக்குச் சற்று மேல். நாடு முழுவதற்கும் அன்றிருந்த மொத்த மதிப்பு 10,86,431.

இந்த 176 என்பது என்ன? உறுப்பினரின் பெருமைக்குக் கொடுத்த பரிசா? அல்ல. ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் மனிதர்கள்! 1971-இல் கணக்கெடுப்பாளர் வீட்டு வாயிலில் வந்து நின்றபோது பெயர் சொன்ன உங்கள் பாட்டனார், பாட்டியார், திண்ணையிலே படுத்திருந்த பெரியவர், தொட்டிலிலே கிடந்த குழந்தை ஆகிய இவர்களெல்லாம் சேர்ந்து கொடுத்த எண் அது.

"ஏன் 1971? அதற்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். நடந்தது. ஆனால், குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்றுச் செய்துகாட்டிய மாநிலங்கள் அதனாலேயே எண்ணிக்கையில் தாழ்ந்துவிடக் கூடாது என்பதற்காக, 1976-இல் வந்த 42-ஆவது திருத்தம் அந்தக் கணக்கை 1971-லேயே நிறுத்தி வைத்தது. 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும் வரை அப்படியே இருக்கட்டும் என்று 84-ஆவது திருத்தம் வகுத்தது. எனவே, 176 என்ற எண்ணுக்குப் பின்னே, அளவான குடும்பம் போதும் என்று முடிவெடுத்த நம் தாய்மாரின் முடிவும் இருக்கிறது. அரிசி நம் வீட்டு அரிசி, தோழரே! சமையல் எப்படி என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லாவிட்டால் வேறு எவருக்கு?

சரி, அந்த வாக்கு எப்படிப் போடப்படுகிறது? பாராளுமன்ற உறுப்பினருக்குப் பச்சை நிறத் தாள். சட்டமன்ற உறுப்பினருக்கு இளஞ்சிவப்புத் தாள். சின்னம் கிடையாது. முத்திரை குத்துவது கிடையாது. வேட்பாளர் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எண்ணால் எழுத வேண்டும். எழுத்தால் எழுதினால் செல்லாது. ஆணையம் கொடுக்கும் பேனாவால்தான் எழுத வேண்டும். சொந்தப் பேனாவை எடுத்தால் வாக்கு வீண். இவ்வளவுதான் விதி. ஆயினும், 2022-இல் பதிவான 4,754 வாக்குகளில் 53 செல்லாதவை ஆயின. சட்டம் இயற்றுகிறவர்களிலே 53 பேரின் தாள், குப்பைத் தாள்! அந்த 53 தாள்களுக்குப் பின்னே எத்தனை லட்சம் மக்கள் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வராது.

இன்னொன்றும் உண்டு. இந்தத் தேர்தலில் கொறடாவின் உத்தரவு செல்லாது. சட்டமன்றத்தில் ஒரு மசோதாவின் மீது கட்சி கட்டளையிடலாம். மீறினால் பதவியே போகலாம். குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்படிக் கட்டளையிட முடியாது. வாக்கு மறைவானது, உறுப்பினர் தம் விருப்பப்படி எழுதலாம் என்பதைத் தேர்தல் ஆணையமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆக, கட்சி கேட்டுக்கொள்ளலாம். கையைப் பிடித்து எழுதவைக்க முடியாது.

அப்படியானால் கட்சியின் முடிவு பெரிதா, உறுப்பினரின் மனச்சான்று பெரிதா? இந்தக் கேள்வி ஏட்டிலே பிறந்ததல்ல. 1969-இல் நாட்டையே உலுக்கிய கேள்வி. அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1969 மே 3-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் மறைந்தார். துணைத் தலைவராக இருந்த வி.வி. கிரி பொறுப்பேற்றார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ், மக்களவைத் தலைவராக இருந்த நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தன் வேட்பாளராக அறிவித்தது. பிரதமர் இந்திரா காந்தி அதை விரும்பவில்லை. ஆயினும் ரெட்டியின் வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்திட்டார். ஜூலை 19-இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. மறுநாள் கிரி பதவி விலகினார். தனித்து நிற்கிறேன் என்றார். தேர்தல் நெருங்கியது. அப்போது பிரதமர், தாமே முன்மொழிந்த வேட்பாளருக்கு வாக்குக் கேளாமல், "மனச்சான்றின்படி வாக்களியுங்கள்" என்றார்!

ஆகஸ்ட் 16-இல் வாக்குப் பதிவு. 20-இல் எண்ணிக்கை. வேட்பாளர்கள் 15 பேர். முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சுதந்திரா, ஜனசங்கக் கட்சிகளின் ஆதரவோடு நின்ற சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. எவரும் எட்டவில்லை. பின்தங்கியோரை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய தாள்களின் அடுத்த விருப்பத்தைச் சேர்த்தார்கள். தேஷ்முக்கின் தாள்களில் பெரும்பகுதி ரெட்டிக்குப் போயிற்று. ரெட்டி 4,05,427 வரை ஏறினார். கிரி 4,20,077 பெற்று வென்றார். வேண்டிய அளவைவிட அவருக்கு அதிகமாகக் கிடைத்தது வெறும் 1,908! தமிழகத்தை அன்று ஆண்ட கழகமும், இடதுசாரிகளும், அகாலிகளும் கிரியின் பக்கம் நின்றிராவிட்டால் முடிவு என்ன ஆகியிருக்கும்? மாநிலங்களின் வாக்கு வெறும் சடங்கு என்போர் இந்த எண்ணை ஒருமுறை பார்க்கட்டும்.

அந்தக் கணக்கிலே இன்னொரு பாடமும் உண்டு. செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. இறுதியில் இருவரும் பெற்றதைக் கூட்டினால் 8,25,504. இடையிலே 10,833 எங்கே போயிற்று? இருவரில் எவருக்கும் போகவில்லை! "என் ஆள் வராவிட்டால் யார் வந்தால் என்ன" என்று அடுத்த விருப்பத்தை எழுதாமல் விட்ட தாள்கள், கடைசி முடிவு எடுக்கப்படும் வேளையிலே ஊமையாகிவிட்டன. நமக்கு உகந்தவர் வரமாட்டார் என்னும்போது, வரக்கூடியவர்களில் எவர் வந்தால் தீங்கு குறைவு என்று எண்ணி எழுதுவதும் வாக்காளரின் கடமைதான்.

ஆனால் தோழர்களே, 1969-இன் பெரிய பாடம் அதுவல்ல. அன்று தோற்ற சஞ்சீவ ரெட்டியே 1977-இல் போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார்! எட்டாண்டில் அவர் புது மனிதராகிவிட்டாரா? இல்லை. 1969-இல் நாடு கேட்ட கேள்வி, "ரெட்டி நல்லவரா, கிரி நல்லவரா" என்பதல்ல. அந்த நாற்காலியில் அமர்பவர் யாருடைய சொல்லுக்குக் கையெழுத்திடுவார் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்காகவே ஒரு பெரிய கட்சி அதே ஆண்டு நவம்பரில் இரண்டாகப் பிளந்தது.

இங்கே ஒருவர் குறுக்கிடுவார்: "குடியரசுத் தலைவர் ரப்பர் முத்திரைதானே! அமைச்சரவை சொன்னால் கையெழுத்திட வேண்டியவர்தானே! அந்தக் கை எந்தக் கையாக இருந்தால் என்ன?"

சட்டம் என்ன சொல்கிறது? அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடக்க வேண்டும் என்று 1976-இல் எழுதினார்கள். 1978-இல் வந்த 44-ஆவது திருத்தம் ஒரு கதவைத் திறந்தது: "மறுபடியும் எண்ணிப் பாருங்கள்" என்று ஒருமுறை திருப்பி அனுப்பலாம். திரும்பவும் அதே அறிவுரை வந்தால் ஏற்றே தீர வேண்டும். ஆக, அவர் கையில் இருப்பது ஒரே ஒரு கேள்வி. ஒரு கேள்வியால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? வரலாற்றைக் கேளுங்கள்.

1975 ஜூன் 25, நள்ளிரவுக்குச் சற்று முன் நெருக்கடி நிலைப் பிரகடனம் குடியரசுத் தலைவரின் மேசைக்கு வந்தது. அமைச்சரவை கூடவில்லை. பிரதமரின் கடிதம் மட்டுமே வந்தது. "அமைச்சரவை கூடிற்றா?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கப்படவில்லை. பேனா ஓடியது. அமைச்சர்களுக்கே மறுநாள் காலையில்தான் தெரிந்தது. ஏழு மாதம் கழித்து, 1976 ஜனவரி 31-இல், தமிழக அமைச்சரவையைக் கலைக்கும் தாளும் அதே மேசைக்குப் போயிற்று. அதிலும் பேனா ஓடியது.

1997 அக்டோபரைப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் ஆட்சியைக் கலைக்கச் சொல்லி மத்திய அமைச்சரவையின் தாள் வந்தது. குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன், மறுபடியும் எண்ணிப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். அமைச்சரவை எண்ணிப் பார்த்தது, கைவிட்டது. ஒரு கேள்வி, ஒரு மாநிலத்தின் ஆட்சியைக் காத்தது! காக்கப்பட்டது பாரதீய ஜனதா கட்சியின் ஆட்சி. நமக்கும் அவர்களுக்கும் கொள்கையிலே ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆயினும் அந்தக் கேள்வியை நான் போற்றுகிறேன். பக்கத்து வீட்டுக்காரன் பிடிக்காதவன் என்பதற்காக, அவன் வீட்டிலே வைக்கப்படும் தீயை நாம் கைகட்டிப் பார்க்க முடியுமா? 1998 செப்டம்பரில் பீகாருக்கும் அப்படி ஒரு தாள் வந்தது. அப்போது தில்லியில் வேறு ஆட்சி. அதையும் திருப்பினார். மறு ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் வந்தபோது கையெழுத்திட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாநிலங்களவையிலே பெரும்பான்மை கிடைக்காது என்று கண்டு மத்திய அரசே அதைப் பின்னர் விலக்கிக்கொண்டது. கேள்வி கேட்பவரால் எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது. ஆனால் அவர் கேட்பதால் நாட்டுக்கு நேரம் கிடைக்கிறது, ஏடுகள் எழுதுகின்றன, மக்கள் விழிக்கிறார்கள். இருட்டிலே நடக்க வேண்டியது வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது.

இப்போது என் சொந்தக் குற்றம் ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

நான் தஞ்சை மாவட்டத்துக்காரன். 1987 ஜூலையில், பட்டுக்கோட்டைப் பக்கம் இராஜாமடத்திலே பிறந்த ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவரானார். நான் அப்போது இளைஞன். "நம் மாவட்டத்துக்காரர்! நம் மொழி பேசுபவர்!" என்று கமர்கட்டு வாங்கித் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தேன். எங்கள் ஊர்ப் படிப்பகத்தைக் கவனித்துவந்த பெரியவர் ஒருவர், மிதிவண்டி பழுதுபார்ப்பவர், பள்ளிப் படிப்பு அதிகமில்லாதவர், எனக்கும் ஒரு கமர்கட்டை நீட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு, "தம்பி, ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்டாய். 356-ஆவது பிரிவைப் பற்றி அவர் என்ன எண்ணுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாயா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. நல்ல நாளிலே நச்சுப் பேச்சு என்று எண்ணினேன்.

1991 ஜனவரி 30. தமிழக அமைச்சரவை கலைக்கப்பட்டது. ஆளுநராக இருந்த சுர்ஜித் சிங் பர்னாலாவின் அறிக்கையே இல்லாமல், "வேறு வகையில்" கிடைத்த தகவல் போதும் என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு கலைத்தார்கள். தாளில் இருந்தது எங்கள் மாவட்டத்துக்காரரின் கையொப்பம். மறுநாள் காலை படிப்பகத்துக்குப் போனேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏட்டை எடுத்து என் பக்கம் நகர்த்திவிட்டு, சக்கரத்துக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கையொப்பமிட்டவரைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. நீண்ட பொதுவாழ்வு உடையவர். இந்த மாநிலத்தின் தொழில் அமைச்சராகப் பணிபுரிந்தவர். அமைச்சரவையின் அறிவுரைப்படி நடந்தார் என்பது சட்டத்துக்கு ஒத்த விடைதான். குறை என்னுடையது. கையைப் பார்த்தேன், அந்தக் கையில் பேனா வரும்போது என்ன ஆகும் என்று பார்க்கத் தவறினேன். அன்று முதல், இந்தத் தேர்தல் வரும்போதெல்லாம் மூன்று அளவுகோல்களைக் கண்டு அஞ்சுகிறேன்.

முதல் அளவுகோல், "நம்மவர்" என்பது. 2002-ஐ நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். மறுபக்கம் சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிலே படித்து, நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி. இருவரும் நம்மவர்! இப்போது அந்த அளவுகோல் எதை அளக்கும்? வென்றவர் கலாம், 9,22,884 வாக்கு மதிப்பு. அவருடைய எளிமையையும் அறிவையும் நாடே போற்றியது, நாமும் போற்றுகிறோம். அவரே 2005 மே மாதம், மாஸ்கோ பயணத்தில் இருந்தபோது, பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் தாளில் கையொப்பமிட்டார். அந்தக் கலைப்பு அரசமைப்புக்கு மாறானது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரே 2006-இல், ஆதாயப் பதவி மசோதாவைப் பாராளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பிக் கேள்வி கேட்டார். மனிதர் ஒருவர்தான், கேட்காத நாளும் உண்டு, கேட்ட நாளும் உண்டு. பிறந்த ஊர் இவ்விரண்டில் எதையும் நமக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஒடுக்கப்பட்ட குடியிலே பிறந்தவர், பழங்குடியிலே பிறந்தவர், பெண் என்றெல்லாம் வரும்போது, அதற்குப் பொருளே இல்லை என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். நூற்றாண்டுகளாக மூடியிருந்த கதவு திறப்பது மகிழத்தக்க நிகழ்ச்சி. தாழ்த்தப்பட்ட குடியிலிருந்து முதன்முதலாக அந்த மாளிகைக்குச் சென்ற நாராயணன்தான் கேள்வி கேட்டும் காட்டினார். கதவு திறந்ததற்காக மகிழுங்கள். அதோடு, உள்ளே போனவர் கேட்பாரா என்றும் கேளுங்கள். முன்னதைக் காட்டிப் பின்னதை மறக்கச் சொல்பவர்கள், அந்த மக்களுக்கும் நன்மை செய்பவர்கள் அல்லர்.

இரண்டாவது அளவுகோல், "வெல்பவர் பக்கம்" என்பது. "கணக்குத் தெரிந்துவிட்டது, அவர்தான் வருவார், எதிர்த்து வாக்களித்து என்ன பயன்? ஒத்துப்போனால் மாநிலத்துக்கு நாலு காரியம் நடக்குமே" என்று இனிமையாகப் பேசுவார்கள். 1982-ஐச் சொல்கிறேன். கியானி ஜெயில் சிங்கை எதிர்த்து எதிர்க்கட்சிகள் நிறுத்தியவர் எச்.ஆர். கன்னா. யார் இந்தக் கன்னா? நெருக்கடிக் காலத்தில், 1976 ஏப்ரல் 28-இல், விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவன் நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாமா என்ற வழக்கில், நான்கு நீதிபதிகள் "கூடாது" என்றபோது, ஐந்தாமவராய்த் தனித்து நின்று "கூடும்" என்று எழுதியவர். அதன் விலையாகத் தலைமை நீதிபதிப் பதவியை இழந்தவர். 1982-இல் அவருக்குக் கிடைத்தது 2,82,685. ஜெயில் சிங்குக்கு 7,54,113. படுதோல்வி! அந்த வாக்குகள் வீணா? 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கூடி, 1976-இன் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று தள்ளினார்கள். கன்னா எழுதியதுதான் நின்றது. தோற்கும் பக்கத்தில் விழுந்த வாக்கு, "நாங்கள் இதைக் கண்டோம், இதற்கு உடன்படவில்லை" என்று நாட்டின் ஏட்டிலே எழுதிவைத்த சாட்சி. நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. வென்ற ஜெயில் சிங்கே பின்னாளில், கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் அஞ்சல் மசோதாவுக்கு ஒப்புதல் தராமலே வைத்திருந்தார். நாம் எதிர்த்தவரும் நல்லது செய்யக்கூடும். செய்தால் பாராட்டுவோம், ஆனால் அது நடக்கும் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு வாக்களிக்க முடியாது.

மூன்றாவது அளவுகோல், "பண்பாளர், பகையில்லாதவர்" என்பது. பண்பு வேண்டும், வேண்டாம் என்பாரில்லை. ஆனால், எவர் மனத்தையும் நோகச் செய்யாத ஒருவர், நள்ளிரவிலே தாளோடு வந்து நிற்பவரின் மனத்தையும் நோகச் செய்யமாட்டார் என்பதை மறந்துவிடலாகாது.

பின் எதைக் கொண்டுதான் அளப்பது? மூன்று கேள்விகளைச் சொல்கிறேன்; குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: இவர் இதற்குமுன் அதிகாரத்தில் இருந்தபோது, மேலே இருப்பவர் விரும்பாத ஒன்றை ஒருமுறையாவது எழுதியிருக்கிறாரா, சொல்லியிருக்கிறாரா? பேச்சைப் பார்க்காதீர்கள். கோப்பைப் பாருங்கள்.

இரண்டு: மாநிலத்தின் ஆட்சியைக் கலைக்கும் தாளைப் பற்றியும், மாநிலத்தின் மசோதாவைப் பற்றியும் இவருடைய எண்ணம் என்ன? ஏனெனில், நம் சட்டமன்றம் நிறைவேற்றும் மசோதாவை ஆளுநர் தில்லிக்கு அனுப்பினால், அதுவும் அந்த மேசைக்குத்தான் போகிறது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு வேண்டாமென்று 2017 பிப்ரவரியில் நம் பேரவை நிறைவேற்றிய இரண்டு மசோதாக்கள் ஒப்புதல் பெறவில்லை. 2021 செப்டம்பரில் நிறைவேறி, 2022 பிப்ரவரியில் மறுபடியும் நிறைவேறிய மசோதாவும் ஒப்புதல் பெறவில்லை என்று 2025 ஏப்ரலில் பேரவையிலேயே அறிவிக்கப்பட்டது. ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டுகளிலே பள்ளி முடித்த பிள்ளைகளையும் எண்ணிப் பாருங்கள்.

மூன்று: இவரை நிறுத்துகிறவர்கள், இவரிடம் எதை எதிர்பார்த்து நிறுத்துகிறார்கள்? கேள்வியையா, கையெழுத்தையா?

இந்த மூன்றுக்கும் விடை தேடிய பிறகு கட்சி முடிவெடுக்கட்டும். முடிவெடுக்கும் முன்பே கிளையிலே பேசுங்கள், ஒன்றியத்திலே பேசுங்கள், தீர்மானமாக எழுதி மேலே அனுப்புங்கள். உங்கள் தொகுதி உறுப்பினரைப் பார்த்து, "ஐயா, எங்கள் 176-ஐ எங்கே எழுதப்போகிறீர்கள்? ஏன்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அவருக்கு மாறுபட்ட எண்ணம் இருக்குமானால், அதை உள்ளே, முன்கூட்டியே, வாய்விட்டுச் சொல்லட்டும். அந்த உரிமையை மதிப்போம். மனச்சான்று, கூட்டத்திலே எழுந்து நின்று பேசும், விளைவைத் தாங்கும். கூட்டத்திலே தலையாட்டிவிட்டு, திரைக்குப் பின்னே மாற்றி எழுதுவதற்குப் பெயர் மனச்சான்று அல்ல, அது பேரம். 1969-இல் எழுந்த அந்த உயர்ந்த சொல்லை, விலைபேசுகிறவர்கள் போர்த்திக்கொள்ளும் போர்வையாக ஆக்கிவிட இடம் தரலாகாது.

2022 ஜூலை 25-இல் பதவியேற்ற குடியரசுத் தலைவரின் ஐந்தாண்டுக் காலம் 2027 ஜூலையோடு முடிகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தத் தேர்தல் வந்துகொண்டேயிருக்கும். நான் இருக்கும்போதும் வரும், இல்லாதபோதும் வரும். அப்போதெல்லாம், சீட்டு எழுதிய இளந்தோழரே, கமர்கட்டு வாங்குமுன் அந்தப் படிப்பகத்துப் பெரியவர் என்னைக் கேட்டதை நீங்கள் கேளுங்கள்.

அவர் இன்று இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல எனக்கு நான்கு ஆண்டு ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது என்பதற்காகவே இன்று இவ்வளவு நேரம் பேசினேன்.